கொல்லாமல் வெல்லும் மருந்து

பூச்சி மருந்து என்றாலே நஞ்சு என்றுதான் நாம் பொருள் கொள்கிறோம். தெளித்த சில மணி நேரத்தில் பூச்சிகள் துடித்து மடிய வேண்டும். மடிந்தவை தரையில் கிடப்பதை நம் கண்ணால் காண வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்தது என்று மனம் ஒப்புகிறது. ஆனால் எதையும் உடனே கொல்லாமல், தெளித்த மறுநாளும் புழுக்களை நெளிய விட்டுவைக்கும் மருந்து வகை ஒன்றும் உண்டு. பூச்சி வளர்ச்சி ஒழுங்குபடுத்திகள் என்று அதற்குப் பெயர். விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இவ்வகை மருந்துகள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதையும், மதுரை நகருக்கும் அதைச் சூழ்ந்த வயல்களுக்கும் அவற்றால் என்ன பயன் என்பதையும் பிற துறை நண்பர்களுக்கும் விளங்கும் வகையில் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சட்டை மாற்றும் உயிர்

நமக்கு எலும்புக்கூடு உடலுக்கு உள்ளே இருக்கிறது. பூச்சிக்கோ அது வெளியே இருக்கிறது. கைட்டின் என்னும் பொருளால் ஆன உறுதியான மேல்தோலே அதன் சட்டகம். இந்தத் தோல் ஓரளவுக்கு மேல் விரிந்து கொடுக்காது. ஆகவே வளரும் பூச்சி, சிறுத்துப்போன சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய சட்டை அணியும் சிறுவனைப் போல, பழைய தோலை உரித்துப் புதிய தோலை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொசுவின் புழு இவ்வாறு நான்கு பருவங்களைக் கடந்து கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து சிறகு முளைத்த கொசுவாக வெளிப்படுகிறது. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களே போதும்.

இந்த மாற்றங்கள் ஒழுங்காக நடைபெற இரண்டு இயக்குநீர்கள் தேவை. மூளை தரும் தூண்டுதலால் மார்புப் பகுதிச் சுரப்பிகள் சுரப்பது தோலுரிப்பு இயக்குநீர். மூளைக்குப் பின்புறமுள்ள சிறு சுரப்பிகள் சுரப்பது இளமை இயக்குநீர். முன்னது, "சட்டையை மாற்று" என்று ஆணையிடுகிறது. மாற்றும் சட்டை எது என்பதைப் பின்னது முடிவு செய்கிறது. இளமை நீர் நிறைய இருக்கும்போது தோலுரித்தால் புழு மீண்டும் புழுவாகவே, சற்றுப் பெரிய புழுவாகவே வெளிவரும். இளமை நீர் குறைந்து மறைந்தால்தான் அது கூட்டுப்புழுவாகவும், பின் முழுப் பூச்சியாகவும் மாற முடியும். பூச்சி முதிர்ச்சி அடைவதற்கு இளமை நீர் உரிய காலத்தில் இல்லாமற் போவதே முதல் தேவை.

இந்த உண்மைகள் எளிதில் கிட்டியவை அல்ல. 1930-களில் இங்கிலாந்தின் விகில்ஸ்வொர்த் இரத்தம் குடிக்கும் மூட்டுப்பூச்சி ஒன்றை வைத்து இளமை நீரின் இருப்பை நிறுவினார். 1954-ல் ஜெர்மனியின் பூட்டெனாண்ட், கார்ல்சன் ஆகிய இருவரும் தோலுரிப்பு நீரைப் படிக வடிவில் பிரித்தெடுத்தனர். அதற்காக அவர்கள் பயன்படுத்திய பட்டுக் கூட்டுப்புழுக்களின் எடை 500 கிலோ. கிடைத்த நீரின் எடை 25 மில்லிகிராம்! 1956-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கரோல் வில்லியம்ஸ், ஒருவகை அந்துப்பூச்சியின் வயிற்றிலிருந்து இளமை நீரைப் பொன்னிற எண்ணெயாகப் பிரித்தார். பூச்சியின் நீரையே பூச்சிக்கு எதிரான கருவியாக்கலாம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

காகிதம் காட்டிய வழி

இத்துறையில் சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து கரேல் ஸ்லாமா என்னும் அறிஞர் தாம் வளர்த்துவந்த செந்நிற நாவாய்ப்பூச்சிகளுடன் வில்லியம்சின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். தம் நாட்டில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அங்கே முதிர்ச்சியடைய மறுத்தன. ஐந்தாம் பருவத்துக்குப் பின் சிறகு பெற வேண்டியவை, மீண்டும் ஓர் இளம் பருவத்தையே எடுத்து, இறுதியில் மடிந்தன. உணவு, நீர், வெளிச்சம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, பூச்சிகள் நடமாட விரித்திருந்த காகிதத் துண்டே காரணம் என்று 1965-ல் தெரியவந்தது. அமெரிக்கச் செய்தித்தாள்களை விரித்தால் பூச்சிகள் முதிரவில்லை. இலண்டன் செய்தித்தாளை விரித்தால் இயல்பாக முதிர்ந்தன. அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்படும் பால்சம் ஃபர் என்னும் மரத்தில் இளமை நீரைப் போன்ற ஒரு பொருள் இயற்கையாகவே இருந்தது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அம்மரம் அமைத்துக்கொண்ட காவல் அது என அறிஞர்கள் கருதினர்.

மரம் செய்வதை மனிதன் செய்ய முடியாதா? அவ்வழியில் நடந்த முயற்சிகளின் பயனாக 1970-களில் மெத்தோப்ரீன் என்ற செயற்கை இளமை நீர் விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில் நெதர்லாந்தில், களைக்கொல்லி தேடிய ஆய்வின் நடுவே டைஃபுளுபென்சூரான் என்ற வேறு வகை மருந்து கிடைத்தது.

நால்வகை

இன்று வழங்கும் வளர்ச்சி ஒழுங்குபடுத்திகளை நான்கு வகையாகப் பிரித்துக் காண்பது எளிது.

முதல் வகை, இளமை நீர் போலிகள். மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் ஆகியவை இதில் அடங்கும். இளமை நீர் மறைய வேண்டிய வேளையில் இவை உடலில் புகுந்து, அது இன்னும் இருப்பது போன்ற மயக்கத்தை ஏற்படுத்துகின்றன. புழு கூட்டுப்புழுவானாலும் கொசுவாக வெளிவர முடிவதில்லை.

இரண்டாம் வகை, கைட்டின் தடுப்பிகள். டைஃபுளுபென்சூரான், நோவலூரான், புப்ரோஃபெசின் ஆகியவை இவ்வகையின. இயக்குநீர்களை இவை தொடுவதில்லை. தோலுரிக்கும் வேளையில் புதுத்தோல் உறுதி பெறாமல் செய்துவிடுகின்றன. பழைய சட்டையைக் கழற்றிய புழுவுக்குப் புதிய சட்டை கந்தலாகவே கிடைக்கிறது. உடல் நீர் கசிந்தோ, பழைய தோலிலேயே சிக்கிக்கொண்டோ மடிகிறது.

மூன்றாம் வகை, தோலுரிப்பு நீர் போலிகள். டெபுஃபெனோசைடு, மெத்தாக்சிஃபெனோசைடு என்பவை எடுத்துக்காட்டுகள். இவை புழுவைக் காலத்துக்கு முன்பே தோலுரிக்கத் தூண்டுகின்றன. புழு தீனியை நிறுத்தி, தொடங்கிய வேலையை முடிக்க முடியாமல் மடிகிறது. அந்துப்பூச்சி இனப் புழுக்களையே இவை பெரிதும் தாக்கும்.

நான்காவது, நம் வேம்பு. பாண்டியர் மாலையாகச் சூடிய வேம்பு, மதுரைக்குப் புதிதன்று. தானியக் குதிரில் வேப்பிலை இடுவது நம் பாட்டிமார் அறிந்த முறை. 1962-ல் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான் முதலிய அறிஞர்கள், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரைப் பாலைவன வெட்டுக்கிளி தின்ன மறுப்பதைக் காட்டினர். அதற்குக் காரணமான அசாடிராக்டின் 1968-ல் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூறு அமைப்பு 1985-ல்தான் முழுமையாகத் தெளிவானது. ஆய்வகத்தில் அதைச் செயற்கையாக உருவாக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூச்சியைத் தின்னவிடாமல் தடுப்பதோடு, அதன் தோலுரிப்பு நீர் சுரக்கும் ஒழுங்கையும் அசாடிராக்டின் குலைக்கிறது.

பகைவன் புழுவா, பூச்சியா?

இந்த மருந்துகளில் எதை, எங்கே பயன்படுத்துவது என்று கேட்டால், முதலில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நமக்குத் தீங்கு செய்வது புழுவா, அல்லது முதிர்ந்த பூச்சியா? இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்தும் இதுவே.

கொசுவை எடுத்துக்கொள்வோம். அதன் புழு தண்ணீரில் அழுக்கைத் தின்று கிடக்கிறது, நம்மைக் கடிப்பதில்லை. சிறகு முளைத்த பெண் கொசுவே பகை. ஆகவே புழு சில நாள் கூடுதலாக வாழ்ந்தாலும் நமக்கு இழப்பில்லை. கொசுவாக மாறாதிருந்தால் போதும். இங்கே இளமை நீர் போலி மிகப் பொருத்தமானது. அது மட்டுமன்று, உயிரோடிருக்கும் புழுக்கள் மீன்களுக்கும் தட்டான் குஞ்சுகளுக்கும் இரையாகவும் பயன்படும்.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்துக்கு வருவோம். அங்கே மொக்கைத் துளைத்துத் தின்பது புழு. அதன் தாயான அந்துப்பூச்சி மொக்கைத் தின்பதில்லை. இங்கே இளமை நீர் போலியைத் தெளித்தால் என்ன ஆகும்? புழுப் பருவம் நீளும். புழு இன்னும் அதிகமாகத் தின்னும்! ஆகவே இலையும் மொக்கும் தின்னும் புழுக்களுக்கு எதிராகக் கைட்டின் தடுப்பிகளும், தோலுரிப்பு நீர் போலிகளும், வேம்பும்தான் பொருந்தும். அவற்றையும் புழுக்கள் சிறியனவாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்து, அவ்வாண்டே தமிழகத்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழுவுக்கு எதிராக நோவலூரானும் வேப்ப மருந்தும் பரிந்துரைக்கப்பட்டதன் காரணம் இதனால் விளங்கும்.

புழு நீண்ட நாள் தின்பது எப்போதும் தீமை என்றும் சொல்வதற்கில்லை. பட்டுப்புழு வளர்ப்பில் ஐந்தாம் பருவத்தில் மிகச் சிறிதளவு மெத்தோப்ரீன் தெளித்தால், புழு கூடுதலாக மல்பெரி இலை தின்று, எடை மிகுந்த கூடு கட்டுகிறது. அளவு கூடினால் கூடே கட்டாமல் போகும். ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்து, ஓரிடத்தில் உரம், ஓரிடத்தில் கேடு!

நெல்லைத் தாக்கும் புகையான் இந்த இரண்டு வகையிலும் சேராதது. அதன் குஞ்சும் சாற்றை உறிஞ்சும், முதிர்ந்ததும் உறிஞ்சும். புப்ரோஃபெசின் தெளித்தால் குஞ்சுகள் தோலுரிக்கையில் மடிகின்றன. முதிர்ந்தவை மடிவதில்லை, ஆனால் அவற்றின் முட்டைகள் பொரிப்பது குறைகிறது. ஆகவே சிறகுள்ள புகையான் நிறைந்து, பயிர் தீய்ந்தபின் தெளிப்பதால் பயனில்லை. குஞ்சுகள் தென்படத் தொடங்கும் போதே தெளிக்க வேண்டும்.

மதுரை வயலும் மூளைக்காய்ச்சலும்

பெரியாறு அணை நீர் 1895 முதல் நம் பகுதிக்குப் பாய்கிறது. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்கள் அதனால் பச்சை பூண்டன. தேங்கி நிற்கும் அதே வயல் நீரில் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் போன்ற கொசுக்களும் பெருகின. குழந்தைகளைத் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவன இவை. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955-ல் வேலூரில் கண்டறியப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-களில் மதுரை சின்னச் சொக்கிகுளத்தில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. இன்று அது புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் களநிலையமாக விளங்குகிறது. ரேச்சல் ரூபன் அம்மையாரும் உடன் பணியாற்றிய அறிஞர்களும் நெல்வயல் கொசுவை அடக்க வேம்பை ஆராய்ந்து, 1990-களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டனர். வேப்பம் பிண்ணாக்குத் தூளைத் தனியாகவும், யூரியாவின் மேல் பூசியும் வயலில் இட்டபோது, முதிர்ந்த பருவப் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெகுவாகக் குறைந்தன. வயலை இடையிடையே காயவிட்டு நீர் பாய்ச்சும் முறையையும் சேர்த்துக்கொண்டால் பயன் இன்னும் நிலைத்தது. உழவர் எப்படியும் இடும் உரத்தின் வழியாகவே கொசுவையும் அடக்கலாம் என்பதே இதன் சிறப்பு.

2015 முதல் இந்தியாவில் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்படுகிறது. ஆனால் அந்த மெல்லிய பூச்சு தழைச்சத்து விரைந்து வீணாகாமல் காக்கவே இடப்படுகிறது. அதனாலேயே வயற்கொசு ஒழிந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆய்வில் இட்ட பிண்ணாக்கின் அளவு வேறு, மூட்டையில் உள்ள பூச்சின் அளவு வேறு.

நகருக்குள் நிலை வேறு. கிருதுமால் நதியிலும் பந்தல்குடி கால்வாயிலும் தேங்கும் சாக்கடை நீரில் ஒரு கொசு வளர்கிறது; வீட்டுத் தொட்டியிலும் பீப்பாயிலும் பழைய டயரிலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்கிறது. குடிநீரிலும் இடத்தக்கதாக உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றுள்ள மருந்துகளில் பைரிப்ராக்சிஃபென் ஒன்று. அதற்கு வகுக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 200 லிட்டர் பீப்பாய்க்குத் தேவை 2 மில்லிகிராம், 0.5 சதவீதக் குருணையாக இட்டால் வெறும் 0.4 கிராம்.  காலக் கணக்கைக் குலைத்தே இது வேலை செய்கிறது.

எதை எண்ணுவது?

எங்கள் ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒருமுறை என்னிடம், "தம்பி, தெளிச்சு ரெண்டு நாளாச்சு, புழு இன்னும் நெளியுதே, கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று கேட்டார். வளர்ச்சி ஒழுங்குபடுத்திகள் பல இடங்களில் மதிப்பிழந்தது இந்தக் கேள்வியால்தான். மருந்து கெட்டது என்று எண்ணி, மேலும் கடுமையான நஞ்சை அதன்மேல் தெளிப்போர் பலர். காசும் போகிறது, சிலந்தி, பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் உயிர்களும் போகின்றன. அடுத்த தோலுரிப்பு வரும்வரை, அதாவது மூன்று முதல் ஐந்து நாள் வரை, பொறுத்திருந்து பார்க்கவேண்டும் என்று நான் அவருக்கு விளக்கினேன்.

ஆய்வகத்திலும் அளவுகோல் மாற வேண்டும். சாதாரண நஞ்சை ஆராயும்போது 24 மணி நேரத்தில் மடிந்த புழுக்களை எண்ணுகிறோம். இளமை நீர் போலிக்கு அந்த எண்ணிக்கை பொருளற்றது. வெளிவந்த கொசுக்களையே எண்ண வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு 25 வீதம் நான்கு கிண்ணங்களில் மூன்றாம் பருவப் புழுக்களை விட்டு மருந்திடுகிறோம். மருந்திடாத நான்கு கிண்ணங்களையும் ஒப்பீட்டுக்கு வைக்கிறோம் எனக் கொள்வோம். எல்லாவற்றிற்கும் உணவிட்டு, கடைசிப் புழு கொசுவாகும்வரை அல்லது மடியும்வரை காத்திருக்கிறோம். மருந்திடாத 100 புழுக்களில் 96 கொசுவாயின. மருந்திட்ட 100-ல் 12 மட்டுமே கொசுவாயின என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 100-ஆல் பெருக்கி 96-ஆல் வகுத்தால் 12.5. அதை 100-லிருந்து கழித்தால் 87.5. கொசு வெளிவருவது 87.5 சதவீதம் தடைப்பட்டது என்பது விடை. மறுநாள் காலையில் எண்ணியிருந்தால், இதே மருந்துக்குப் பூச்சியம் மதிப்பெண் தந்திருப்போம்.

நன்மையும் எச்சரிக்கையும்

மனிதனும் மாடும் கைட்டின் செய்வதில்லை. பூச்சியைப் போலத் தோலுரிப்பதுமில்லை. ஆகையால் உரிய அளவில் இம்மருந்துகளால் நமக்கு வரும் தீங்கு பழைய நஞ்சுகளைவிட மிகக் குறைவு. ஆயினும் தோலுரிக்கும் உயிர் பூச்சி மட்டுமன்று. வயல் நண்டும், இறாலும், கண்மாய் நீரிலுள்ள நுண்ணிய நீர்த்தெள்ளும் கைட்டின் சட்டை அணிந்தவையே. டைஃபுளுபென்சூரான் அவற்றையும் தாக்கும். மீன் குஞ்சுகள் நீர்த்தெள்ளைத் தின்றே வளர்கின்றன என்பதால், கண்மாயிலும் குளத்திலும் இதைக் கண்டபடி கொட்டுதல் தகாது. 1980-களின் இறுதியில் வட இத்தாலியில் பழத்தோட்டங்களுக்குத் தெளித்த ஃபெனாக்சிகார்ப் என்ற இளமை நீர் போலி காற்றில் பரவி மல்பெரி இலையில் படிந்தது. அதைத் தின்ற பட்டுப்புழுக்கள் கூடு கட்டவில்லை. பட்டு வளர்த்தோர் பெரிதும் நலிந்தனர். தேனி, திண்டுக்கல் பகுதிகளில் மல்பெரித் தோட்டத்துக்கு அருகே பயிர் செய்வோர் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

மற்றொன்று. தன் சொந்த இயக்குநீருக்கே எந்தப் பூச்சியும் பழகிக்கொள்ள முடியாது என்று வில்லியம்ஸ் நம்பினார். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 1986-ல் மெத்தோப்ரீனைத் தாங்கி வாழும் பழ ஈ வகை ஆய்வகத்தில் கிடைத்தது. 1990-களில் இஸ்ரேலில் வெள்ளை ஈக்கள் பைரிப்ராக்சிஃபெனுக்கு வசப்படாமற் போயின. ஆகவே ஒரே மருந்தை ஆண்டு முழுதும் தெளிக்காமல் வகை மாற்றித் தெளிப்பதும், வயலைக் காயவிடுதல், தொட்டியை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் போன்ற எளிய முறைகளோடு சேர்த்துப் பயன்படுத்துவதும் அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கது

வேப்பங்கொட்டைச் சாறு தயாரிப்பது எவருக்கும் இயலும். காய்ந்த விதையின் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்கினால் 5 சதவீதச் சாறு ஆயத்தம். அசாடிராக்டினை வெயில் சிதைத்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. அவ்வாண்டு பொறுக்கி நிழலில் உலர்த்தியதே ஏற்றது.

ஆனியிலும் ஆடியிலும் நம் ஊர்ச் சாலை ஓரங்களில் வேப்பம் பழம் உதிர்ந்து மிதிபட்டுக் கிடக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு வாரம் அதைச் சேகரித்து, அருகிலுள்ள சிற்றூர் உழவர்களுக்குச் சாறு தயாரித்துக் காட்டினால் அது நல்ல தொண்டாகும். அப்போது சாற்றோடு இன்னொன்றையும் அவர்களுக்குத் தர வேண்டும். எந்தப் பருவத்தில் தெளிப்பது, எத்தனை நாள் பொறுப்பது, எதை எண்ணிப் பயனை அறிவது என்னும் அறிவே அது. அந்த அறிவு சேராவிட்டால் எவ்வளவு நல்ல மருந்தும் வீண்தான்.